பொசிஷன் நைனாவின் சிவப்புப் பேனா

உலகத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ கோட்டைகளுக்குக் காவல் இருந்திருக்கிறார்கள். இங்கிலீஷ் ப்ரிபொசிஷனுக்குக் காவல் இருந்த ஒரே மனிதர் எங்கள் பொசிஷன் நைனாதான். ரேணிகுண்டாவில் நான் குமாஸ்தாவாக இருந்த பிளாஸ்டிக் டிரம் கம்பெனியின் கேட்டில் எட்டு வருஷம் செக்யூரிட்டியாக நின்றார். அந்த எட்டு வருஷத்தில் திருடன் யாராவது உள்ளே புகுந்தானா என்று எனக்குத் தெரியாது. தப்பான இன், ஆன், அட் எதுவும் புகவில்லை என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்வேன்.

அவர் பெயர் மஸ்டர் ரோலில், அதாவது ஆஜர்ப் பட்டியலில், இருந்தது. யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எங்கள் பக்கத்தில் நைனா என்றால் அப்பா. வயதில் பெரியவர்களையும் வாய் நிறைய அப்படியே அழைப்போம். அதோடு ப்ரிபொசிஷனின் பின்பாதியை யாரோ ஒட்டவைத்துவிட்டார்கள். லாரி டிரைவர்கள் ரோட்டிலேயே வண்டியை ஓரங்கட்டி, டீக்கடையில் விசாரித்துவிட்டுத்தான் வருவார்கள்: "இன்னிக்கு கேட்டுல பொசிஷனா, வேற ஆளா?"

விஷயம் இதுதான். கேட்டில் ஒரு பெரிய ரெஜிஸ்டர் உண்டு. வருகிறவர் பெயர், ஊர், எதற்காக வந்தார் என்று இங்கிலீஷில் எழுத வேண்டும். மற்ற செக்யூரிட்டிகள் எழுதியதைப் பார்க்காமலே சல்யூட் அடிப்பார்கள். நைனா மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு படிப்பார். சட்டைப் பையில் ஒரு சிவப்புப் பேனா தயாராக இருக்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், திருத்தணியிலிருந்து பாசஞ்சர் ரயிலில் கசங்கி வந்து இறங்கி, 'ரிப்போர்ட்டிங் இன் டூட்டி' என்று எழுதினேன். 'இன்'னைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.

"ஃபார் டூட்டி சார்."

"நான் எம்.காம்." என்றேன், ரோஷமாக.

"அப்படிங்களா? எம்.காம்ல இதெல்லாம் வராதுங்களா சார்?" என்றார். கிண்டலே இல்லை. நிஜமான கவலை. அதுதான் அதிகமாக எரிந்தது.

ஒருநாள் நாயுடுபேட்டையிலிருந்து வந்த லாரி டிரைவர் 'கம் டு லோடிங்' என்று எழுதிவிட்டார். நைனா வட்டம் போட்டார். டிரைவருக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏதைனா ஒகட்டே கதா பெத்தாயனா!" எதுவானாலும் ஒன்றுதானே பெரியவரே என்கிறார்.

"ஒகட்டே காது, ஒண்ணு இல்ல! டு போட்டா லோடிங்குன்ற ஊருக்கு நீ போய்க்கினு இருக்கிற மாதிரி ஆவுது. அப்படி ஒரு ஊரு ரேணிகுண்டாவுலேர்ந்து எத்தினி கிலோமீட்டரு, சொல்லு பாக்கலாம்?"

டிரைவர் யோசித்தே விட்டார். பின்னால் நான்கு லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன.

இதில் வேடிக்கை, நைனா இங்கிலீஷில் ஒரு வாக்கியம் பேசி யாரும் கேட்டதில்லை. சொந்த ஊர் பாலசமுத்திரத்தில் பத்தாவது படித்தபோது இங்கிலீஷில் மூன்று தடவை கோட்டை விட்டவர். நான்காவது தடவை எழுதவில்லை. அதற்குப் பதில் ஒரே ஒரு பாடத்தை மட்டும் பிடித்துக்கொண்டார்.

"பெரிய வார்த்தைய எவன் வேணும்னாலும் டிக்‌ஷனரில பாத்து எழுதிடுவான் சார். இந்த துக்கடா வார்த்தைங்கதான் ஆள ஏமாத்திடும். ஒண்ணு மாறிச்சின்னா சாமானே எடம் மாறிப் போயிடும்."

அவருக்கு இலக்கணப் புத்தகம் கிடையாது. ஒரு டிபன் பாக்ஸும் ஒரு வெங்காயமும்தான். சாப்பாட்டு வேளையில் அவருடைய கேட் கேபினுக்குள் எட்டிப் பார்த்தால் பாடம் நடந்துகொண்டிருக்கும், தனக்குத்தானே. வெங்காயத்தை மூடியின் மேல் வைத்து ஆன் என்பார். உள்ளே போட்டு இன். பாக்ஸைத் தூக்கி அடியில் வைத்து அண்டர். ஒருநாள் நான் நின்று பார்ப்பதைக் கவனித்துவிட்டு, வெங்காயத்தைக் கடித்துத் தின்றார்.

"இப்ப இன்னா சார்?"

"இன்" என்றேன் பயந்துகொண்டே.

"கரெக்ட்டு" என்று வயிற்றைத் தட்டிக்கொண்டார்.

இப்படிக் கற்றவர் என்பதால், கண்ணால் பார்க்காமல் எந்தப் ப்ரிபொசிஷனையும் நம்பமாட்டார். ஸ்டோர் ஆள் 'சாவி டேபிள் மேல்' என்று இங்கிலீஷில் எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினால், நைனா அவரை கேட்டிலேயே நிறுத்திவைத்துவிட்டு, போய்ப் பார்த்துவிட்டு வருவார். "மேல இல்ல சார், டிராயருக்குள்ள கீது. மாத்தி எழுதிட்டு போங்க." கம்பெனி பஸ் போய்விடும். அந்த ஆள் ரேணிகுண்டா ஜங்ஷன்வரை நடந்துகொண்டே நைனாவை அர்ச்சனை செய்வார்.

மெட்ராஸிலிருக்கும் என் உறவினர்கள் திருப்பதி தரிசனத்துக்கு டிக்கெட் கேட்டு எனக்குப் போன் பண்ணாத நாளே இல்லை. "மேல ரூம் கிடைக்குமா, கீழதான் தங்கணுமா?" என்று கேட்ட யாருக்கோ நான் விளக்கிக்கொண்டிருந்ததைக் கேட்டு நைனா பூரித்துப் போனார். "பாத்தீங்களா சார்? மேல திருப்பதி, கீழ திருப்பதி. நம்ம பக்கம் பொசிஷன்தான் அட்ரஸே!"

ஆயுத பூஜையன்று அவர் செய்யும் ஒரு காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். கம்பெனிக்கு முதலில் தெற்குப் பக்கம் ஒரு கேட் இருந்தது. வாஸ்து பார்க்க வந்தவர், 'இது வழியாக லட்சுமி வெளியேறிக்கொண்டிருக்கிறாள்' என்று சொல்லவும், முதலாளி ஒரே வாரத்தில் அதைச் சுவர் வைத்து அடைத்துவிட்டு, வடகிழக்கில் புதுக் கேட் திறந்தார். ஆந்திராவில் வாஸ்துக்காரர் சொன்னால் மலையையும் நகர்த்துவார்கள், கேட் எம்மாத்திரம்? எல்லாரும் புதுக் கேட்டுக்குப் பொட்டு வைத்துப் பூசணிக்காய் உடைப்போம். நைனா மட்டும் குங்குமக் கிண்ணத்தோடு பின்னால் போய், அந்தச் சுவருக்கும் ஒரு பொட்டு வைத்துவிட்டு வருவார். "டூட்டில இல்லாட்டியும் அதுவும் கேட்டுதானே சார்."

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பொங்கல் முடிந்த வாரம், திங்கட்கிழமை, ஒரு வெள்ளைக் கார் வந்தது. எங்கள் டிரம்மில் பாதிக்குமேல் வாங்குகிற மெட்ராஸ் பார்ட்டி. ரெஜிஸ்டரில் ஆர்டரைப் பற்றிப் பேச வந்ததாக, 'டு டிஸ்கஸ் அபௌட் ஆர்டர்' என்று எழுதினார். நைனா சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

"அபௌட் வேணாம் சார்."

"வாட்?"

"டிஸ்கஸ் போட்டா அபௌட் வராது சார்."

பார்ட்டி கான்வென்ட்டில் படித்தவர். முகம் சிவந்து காரைத் திருப்பச் சொல்லிவிட்டார். எங்கள் ஜி.எம். மாடியிலிருந்து செருப்பில்லாமல் ஓடிவந்து காரின் முன்னால் நின்றார். எப்படியோ சமாதானமாயிற்று. பார்ட்டி போனதும் ஜி.எம். நைனாவின் கேபினுக்கு வந்தார்.

"அந்த அபௌட் இருந்தா உனக்கு எங்கய்யா வலிக்குது?"

"எனக்கு வலிக்கல சார். எக்ஸ்ட்ராவா கீது" என்றார் நைனா.

அன்றே முடிவாகிவிட்டது. நாயுடுபேட்டையில் எங்களுக்கு ஒரு குடோன் உண்டு. ரெஜிஸ்டரே இல்லாத இடம். நைனாவை அங்கே மாற்றிக் கடிதம் அடிக்கும்படி எனக்கு உத்தரவு. அடித்தேன். ஜி.எம். மெட்ராஸிலிருந்து திங்கட்கிழமை மட்டும்தான் வருவார், கையெழுத்தெல்லாம் அன்றுதான். போனில் பேசிக்கொண்டே படிக்காமல் போட்டார். கடிதத்தை நைனாவிடம் கொண்டுபோய், நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துக் கேட்டேன்.

படித்தார். மூன்று வட்டம் போட்டுத் திருப்பித் தந்தார்.

"என்ன நைனா இது?"

"மாத்தறது கம்பெனி இஷ்டம் சார். தப்பா மாத்தக்கூடாது. தப்பு கீற பேப்பர்ல நான் கையெழுத்து போடமாட்டேன்."

கையெழுத்து இல்லாமலும் அனுப்ப முடியாது. முன்பு ஒரு வாட்ச்மேன் 'எனக்குக் கடிதமே வரவில்லை' என்று லேபர் ஆபீஸுக்குப் போய் ஜி.எம்.மை அலையவிட்டிருந்தார். அதிலிருந்து கையெழுத்து வாங்காமல் யாரையும் மாற்றக்கூடாது என்று சட்டம் போட்டவரே ஜி.எம்.தான். ஆக, அடுத்த திங்கள்வரை காத்திருந்து, திருத்திய கடிதத்தில் கையெழுத்து வாங்கிக் கொண்டுபோனேன். அதில் இரண்டு வட்டம். இரண்டுமே நான் நிஜமாகவே செய்த தப்புகள். எம்.காம். மானம் கப்பலேறியது.

அன்று சாயங்காலம் ரயிலுக்குக் கிளம்பும்போது கேபினில் ஒரு பெண் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். நைனாவின் மகள் மஞ்சுளா, திருப்பதியில் இன்டர் இரண்டாம் வருஷம், அதாவது நம்மூர் ப்ளஸ் டூ. தாய் இல்லை. ஜங்ஷன் பக்கத்தில் ஒரு ரூமில் அப்பாவும் மகளும் மட்டும்.

நைனா என்னோடு ரோடுவரை வந்தார். "நாயுடுபேட்டைல நைட்டு டூட்டிதானாம் சார். வயசுப் பொண்ண தனியா ரூம்ல உட்டுட்டு எப்படி போறது? பாலசமுத்திரத்துல தங்கச்சி வூட்லதான் உடணும். அங்கேர்ந்து காலேஜிக்கு வந்து போவ முடியாது. மார்ச்சு மாசம் பரீச்ச. அத்தோட படிப்பு நின்னுடும்."

"அதுக்காகத்தான் கையெழுத்துப் போடாம இழுக்கிறீங்களா?"

அவர் முகம் சுருங்கிவிட்டது. "ச்சே! இன்னா சார் இப்படி கேட்டுட்டீங்க? தப்பு கீது, போடல. தப்பு இல்லாம குடுங்க, அந்த நிமிஷமே போட்டுக்குடுத்துட்டு பொட்டிய கட்டுவேன்."

செய்வார். எனக்கு நன்றாகத் தெரியும். ரயிலில் திருத்தணிவரை நின்றுகொண்டே யோசித்தேன். நைனா பொய் சொல்லமாட்டார். ஆனால் எனக்கு அப்படி எந்த விரதமும் இல்லை. மஞ்சுளா பரீட்சை எழுதும்வரை நான் தப்பாக எழுதினால் போதும்.

தப்பாக எழுதுவது சுலபம் என்று நினைக்கிறவர்கள் முயற்சி செய்து பார்க்கட்டும். இத்தனை நாள் தானாகக் கொட்டிய தப்பு, வேண்டும் என்று தேடும்போது வரவில்லை. ரொம்ப மோசமாக எழுதினால் ஜி.எம். கண்ணிலேயே பட்டுவிடும். ஜி.எம். கண்ணில் படாமல் நைனா கண்ணில் மட்டும் பட வேண்டும். அதற்கு எது சரி என்று முதலில் எனக்குத் தெரிய வேண்டுமே! மேஜைக்கடியில் இலக்கணப் புத்தகம் வைத்துப் படித்தேன். கல்லூரியில் அதில் பாதி படித்திருந்தால் பேங்க் வேலைக்குப் போயிருப்பேன்.

மூன்றாவது கடிதம் வெற்றி. நான்காவதில் உயிர் போய்விட்டது. நான் பார்த்துப் பார்த்து வைத்த தப்பைத் தொட்டுக்காட்டி, "இது ரெண்டு மாதிரியும் எழுதலாம் சார், பரவால்ல" என்று சொல்லிவிட்டு, கையெழுத்துப் போட நீலப் பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார். மஞ்சுளாவின் படிப்பு என் கண்ணெதிரே பாலசமுத்திரம் பஸ் ஏறிக்கொண்டிருந்தது. பேனா காகிதத்தைத் தொடும் நேரத்தில் நிறுத்தினார். கடைசி வரியைப் பார்த்தார். நீலத்தை மூடிச் சிவப்பை எடுத்தார். அது நான் வைக்காத தப்பு, தானாக வந்தது. ஏழுமலையானே என்று மலை இருக்கும் திசை பார்த்துக் கும்பிட்டேன்.

ஐந்தாவது கடிதமும் திரும்பிவந்தபோது ஜி.எம். பொறுமை இழந்தார்.

"யோவ், ஒரு கேட்காரனை மாத்த எத்தனை மாசம்யா? இனிமே நீ எழுதாதே. போன்ல ஏஐகிட்ட சொல்லு, அரை நிமிஷத்துல எழுதிக் குடுக்கும்."

தன் போனிலேயே செய்துகாட்டினார். கடிதம் வந்தது. அப்படி ஒரு இங்கிலீஷ்! தங்கள் மதிப்புமிக்க சேவையை நிர்வாகம் பெரிதும் பாராட்டுகிறது என்றெல்லாம் இருந்தது. தப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. பரீட்சை தொடங்க இன்னும் சில நாள் இருந்தது. கடிதத்தை எடுத்துக்கொண்டு கேபினுக்கு நடந்தேன்.

நைனா இருபது நிமிஷம் படித்தார். சிவப்புப் பேனா காற்றிலேயே நின்றது.

"இது நீங்க எழுதுனது இல்லியே சார்?"

"இல்ல நைனா."

"அதான். உங்க வாசனையே இல்ல."

பேனாவைப் பையில் செருகினார். கடிதத்தை மடித்துக்கொண்டு வெளியே நடந்தார். மனசு விட்டுப்போய் எங்கோ அழப் போகிறார் என்று நினைத்து நான் பின்னால் போகவில்லை. பத்து நிமிஷம் கழித்து வந்தார். தோளெல்லாம் முள்செடியின் பூ ஒட்டியிருந்தது.

"சார், கேட் நம்பர் ஒன்னுல டூட்டி பாக்கிற செக்யூரிட்டின்னு போட்டுக்கீது. போயி பாத்துட்டு வரேன். அங்க செவுருதான் கீது. நான் வச்ச பொட்டு கூட அப்படியே கீது."

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. செக்யூரிட்டி ஏஜென்சியோடு போட்ட பழைய ஒப்பந்தத்தில் கேட் நம்பர் ஒன்று என்று இருந்தது. வாஸ்துக்காக அதை அடைத்தபோது சுவரைக் கட்டினார்களே தவிர, காகிதத்தை ஒருவரும் மாற்றவில்லை. ஜி.எம். அதைப் பார்த்துத்தான் ஏஐக்குச் சொல்லியிருக்கிறார். ஐந்து கடிதத்தில் நானும் அப்படியேதான் அடித்திருக்கிறேன். சின்ன வார்த்தைகளில் குறியாக இருந்ததில் கேட்டையே இருவரும் கோட்டை விட்டிருக்கிறோம்.

இருக்கிற கேட்டிலிருந்துதானே ஆளை மாற்ற முடியும்? ஜி.எம். தலையில் கைவைத்துக்கொண்டு முதலாளிக்குப் போன் செய்தார். முதலாளி அலறிவிட்டார். 'அந்தத் தெற்குக் கேட் இன்னும் காகிதத்தில் திறந்தேவா இருக்கிறது? அதனால்தான் வியாபாரம் இப்படி இருக்கிறது!' ஒப்பந்தத்தைத் திருத்தி எழுத வேண்டும், அதுவும் வாஸ்துக்காரரைக் கேட்டு, வளர்பிறையில், நல்ல நாளில்தான் கையெழுத்து என்று உத்தரவாயிற்று. நல்ல நாள் வந்து சேர மூன்று வாரத்துக்கு மேலாயிற்று. அதற்குள் மஞ்சுளா எல்லாப் பரீட்சையும் எழுதி முடித்துவிட்டாள். கடைசிப் பரீட்சையன்று கேபினில் எல்லாருக்கும் மைசூர்பாகு கொடுத்தாள். இங்கிலீஷ் எப்படி எழுதினாய் என்று கேட்டேன். அப்பாவைப் பார்த்துவிட்டு, "அத மட்டும் கேக்காதீங்க அங்கிள்" என்றாள்.

பிறகு ஏழாவது கடிதம். இனி இழுக்கக் காரணம் இல்லை. இதை ஏஐயிடம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. நானே எழுதினேன். மூன்று நாள் எழுதினேன். ஒவ்வொரு சின்ன வார்த்தையையும் டிபன் பாக்ஸும் வெங்காயமும் வைத்துப் பார்க்காத குறை. அவருக்கு நான் கொடுக்கக்கூடிய மரியாதை அது ஒன்றுதான் என்று பட்டது.

திங்கட்கிழமை கையெழுத்து வாங்கிக் கேபினுக்குக் கொண்டுபோனேன். நைனா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். மெதுவாகப் படித்தார். ஒருமுறை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். திரும்பவும் முதலிலிருந்து படித்தார். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து, 'ஃப்ரம்' என்ற வார்த்தையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த வார்த்தையை நான் பத்து தடவை பார்த்திருக்கிறேன்.

"நைனா, இது கரெக்ட்டுதானே?"

வெளியே ஒரு லாரி வந்து நின்றது. அதே நாயுடுபேட்டை டிரைவர். இறங்கி வந்து ரெஜிஸ்டரில் 'ஃபார் லோடிங்' என்று தானாகவே எழுதிவிட்டு, "சரிக்கா உந்தா பெத்தாயனா?" என்று, சரியாக இருக்கிறதா என்று கேட்டுச் சிரித்தார். நைனா தலையசைத்துக் கேட்டைத் திறந்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"கரெக்ட்டுதான் சார்" என்றார், குரல் கீழே இறங்கி. "எட்டு வருஷமா நான் தப்பா வட்டம் போட்டதே இல்ல. இதான் மொதல் வாட்டி." சிவப்புப் பேனாவை மூடிக்கொண்டே, "ஒரு வாரம் சார். அவ்ளோதான்" என்றார்.

பரீட்சைக்காக அல்ல, மகளுக்காக அல்ல. எங்களை விட்டுப் போக அவருக்கு மனம் வரவில்லை. பொய் சொல்லத் தெரியாத மனிதர், தனக்கு உயிரான ஒன்றிலேயே பொய் சொல்லிவிட்டுத் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். "அட, ஆமா நைனா. தப்புதான். என் கண்ணுல படவே இல்ல. அடுத்த திங்கக்கிழமை மாத்தி எடுத்துக்கினு வரேன்" என்றேன்.

அடுத்த திங்கட்கிழமை, ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் அதையே திரும்ப அடித்துக் கொண்டுபோனேன். நைனா படிக்காமலே கையெழுத்துப் போட்டார். அவர் வட்டம் போட்ட பிரதி இன்னும் என் மேஜை டிராயருக்குள்தான் இருக்கிறது. சந்தேகமிருந்தால் அவர் வந்து பார்த்துக்கொள்ளட்டும், வருவார் என்றுதான் வைத்திருக்கிறேன்.